எண்ணெயில்லாப் பணியாரம்

கமீலாவின் மகள் நஸ்ஹாவுக்குக் கோதுமை ஆகாது. பாண், பணிஸ், ரோல்ஸ், கேக், எதுவானாலும் சரி, ஒரு வாய் உள்ளே போனால் போதும், வயிறு ஊதி, வயிற்றாலே போய், இரண்டு மூன்று நாள் பாயோடு கிடப்பாள். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் இளைத்துக்கொண்டே போன பிள்ளையைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், இது குடலில் உள்ள நோய், ஆயுசுக்கும் கோதுமை கூடாது, குடல் ஆறும்வரைக்கும் எண்ணெயையும் கொழுப்பையும் குறைக்க வேண்டும் என்றார். இதற்கு மருந்து கிடையாது, சாப்பாட்டில் கவனமாக இருப்பதுதான் வைத்தியம் என்றும் சொன்னார்.

அன்றைக்குத் தங்கள் ஊர் மருதமுனைக்கு வந்து இறங்கியதும் கமீலா முதலில் சொன்னது தன் ராத்தா சுபைறாவிடம்தான். ஒரே வளவைப் பிரித்துக் கட்டிய இரண்டு வீடுகள், அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. நடுவில் ஒரு தகர வேலி, அதில் ஒரு சின்னப் படலை. சுபைறா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் படலையைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

"இத ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாத. டீச்சருக்கும் சொல்லப்படா."

"ஏன் ராத்தா? புள்ள பள்ளிக்கூடத்துல எதையாவது திண்டுட்டா?"

"என்ட வீட்டுல கலியாணத்துக்கு ஒரு கொமரு இரிக்கிகா. குடும்பத்துல தீராத வருத்தம் எண்டு கதை பரவினா, யாரு வந்து என்ட மகள் பஸ்லியாவ கேக்குற? நஸ்ஹாவும் நாளைக்கு ஒரு கொமருதானே? யோசிச்சுப் பாரு."

கட்டாரிலிருந்து கதைத்த கணவர் அதாவுல்லாவும் அதையேதான் சொன்னார். ராத்தா சொல்றது சரி, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைக்குச் சாப்பாட்டை நீ கட்டிக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்றார்.

சாப்பாடு கட்டிக் கொடுத்து முடிகிற காரியமாக அது இருக்கவில்லை. நஸ்ஹா படித்தது நாலாம் வகுப்பில். பிறந்தநாள், சிறுவர் தினம், போட்டியில் வென்றது, டீச்சருக்கு இடமாற்றம் இல்லை என்று ஆனது, எல்லாவற்றுக்கும் வகுப்பில் ஒரு தேநீர் விருந்து. உம்மாமார் ரோல்ஸும் பட்டிஸும் கேக்கும் கொண்டுவருவார்கள். நஸ்ஹா சாப்பிடாமல் இருந்தால் கேள்வி வரும். யோசித்து யோசித்துக் கமீலா ஒரு வழி கண்டுபிடித்தாள். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, பிள்ளைகளுக்கு எண்ணெய்ச் சாப்பாடு நல்லதில்லை, இந்த முறை எண்ணெயில்லாப் பணியாரம் எல்லாவற்றையும் நானே செய்து தாறேன் என்றாள். வகுப்பாசிரியை றாபியா டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கோதுமையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. எண்ணெய்க்குப் பின்னால் அதை ஒளித்துவைத்தாள்.

அதிலிருந்து எல்லா விருந்தும் அவள் தலையில் விழுந்தது. மில்லில் அரைத்தால் முன்னால் அரைத்த கோதுமை ஒட்டியிருக்கும் என்ற பயத்தில், அரிசியை ஊறவைத்து வீட்டிலேயே அரைத்து, அரித்து, வறுத்து எடுப்பாள். அவித்த பயறும் சர்க்கரையும் வைத்துக் கொழுக்கட்டை. சீனியில் காய்ச்சி வாழைப்பழத் துண்டு போட்டு உறையவிட்ட கடப்பாசி, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று தட்டுத்தட்டாக. குரக்கன் மாவில் பேரீச்சம்பழம் பிசைந்து அவித்த உருண்டை. நேரமில்லாத நாளில் அவித்த சோளம். பிள்ளைகள் அள்ளித் தின்றார்கள், நஸ்ஹாவும் எல்லோரோடும் உட்கார்ந்து தின்றாள். அதைப் பார்க்கும்போது மட்டும் கமீலாவுக்கு மூச்சு சீராக வரும். மற்ற நேரமெல்லாம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சத்தம் கேட்டாலே வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்ப்பாள். எந்த விருந்தோ, யாருக்குப் பிறந்தநாளோ!

வேறு உம்மாமாருக்கு இது பிடிக்கவில்லை. கமீலா பேர் எடுக்கப் பார்க்கிறாள் என்று லைலா என்பவள் முகத்துக்கு நேரேயே சொன்னாள். லைலாவின் மகளும் அதே வகுப்பு. அந்த லைலாவின் தம்பிக்குத்தான் பிறகு பஸ்லியாவைக் கேட்டு வந்தார்கள்! சுபைறா படலையைத் திறந்து ஓடி வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். மறுகணமே காதருகே வந்து, "லைலாட மனசு நோக நடந்துக்காத" என்றாள்.

வருட முடிவு விருந்துக்குக் கமீலா கொழுக்கட்டைச் சட்டியோடு வகுப்புக்குப் போனபோது, மேசை நடுவில் ஒரு பெரிய கேக் இருந்தது. மகளின் பிறந்தநாளும் கூட என்று லைலா கொண்டுவந்திருந்தாள். வெட்டினார்கள். முதல் துண்டைத் தட்டில் வைத்து லைலா நேரே நஸ்ஹாவிடம் வந்தாள்.

"இவ நம்மட சொந்தமாகப் போற புள்ள. இவக்குத்தான் முதல்ல."

நஸ்ஹா வழக்கமாகச் சொல்கிற பொய்யைச் சொன்னாள். "எனக்குப் பல்லு நோகுது மாமி."

"கேக் பல்லுக்கு என்னகா செய்யும்? பஞ்சு மாதிரி இரிக்கி. எங்கட வீட்டுச் சாப்பாடு ஒங்களுக்கு ஆகாதா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பார்த்தது பிள்ளையை அல்ல, கமீலாவை. மற்ற உம்மாமாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார். நஸ்ஹா தட்டைப் பிடித்தபடி உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்ய என்று கேட்கிற பார்வை.

கமீலா தலையாட்டினாள்.

பிள்ளை முழுத் துண்டையும் தின்றாள். நல்ல ருசி என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பின்னேரத்துக்குள் தொடங்கியது. மூன்றாம் நாள்தான் ஓரளவுக்குக் கஞ்சி தங்கியது. தலைமாட்டில் இருந்த கமீலா, "ஏன் புள்ள முழுசா திண்ட? ஒரு கடி கடிச்சிட்டு வெச்சிருக்கலாமே" என்று கேட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க தலையாட்டினீங்கதானே உம்மா" என்றாள் நஸ்ஹா. கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் கமீலாவால் தாங்க முடியாமல் போனது.

சுபைறாவிடம் கேட்காமல், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு லைலாவின் வீட்டுக்குப் போனாள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். லைலா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"யா அல்லாஹ்! என்ட கையாலயா குடுத்தன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத நான் தூக்கி எறிஞ்சிருப்பனேகா. ஏன் சொல்லல்ல?"

"சொல்ல ஏலாம இருந்திச்சு. ராத்தாட மகள்ட விஷயம்."

லைலா கண்ணைத் துடைத்தாள். பிறகு மெதுவாக, "இது குடும்பத்துல வாறதா?" என்று கேட்டாள்.

"வரலாம் எண்டு டொக்டர் சொன்னாரு. எல்லாருக்கும் வாறல்ல."

லைலா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீங்க சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. எங்கட உம்மாக்கு இது தெரிஞ்சா கலியாணத்த நிப்பாட்டிருவா. தம்பிக்கு அந்தப் புள்ளயில பெரிய விருப்பம். கலியாணக் காவின் எழுதி முடியட்டும், மறுகா பாப்பம்."

சொல்லி இறக்கிவைக்கப் போன சுமையை இப்போது ராத்தாவும் லைலாவுமாக இரண்டு பேர் சேர்ந்து அவள் தலையில் ஏற்றி அனுப்பியது போலிருந்தது. லைலா நல்லவள்தான். அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில், ஐந்தாம் வகுப்பிலும் கமீலாவின் எண்ணெயில்லாப் பணியாரம் மட்டும்தான், யாரும் வெளியில் வாங்கிக் கொண்டுவரக் கூடாது என்று போட்டாள். உம்மாமார் கைதட்டுகிற படங்களாக அனுப்பினார்கள். கமீலா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

காவினுக்கு நாள் குறித்த கிழமை, ஒரு காலையில் அவள் அடுப்படியில் மா வறுத்துக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. வந்தது பஸ்லியா. கலியாணப் பெண்ணுக்கு முகம் வெளுத்திருந்தது. உள்ளே வந்ததும் அடுப்படிக் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

"சாச்சி, நஸ்ஹாக்கு எப்பிடித் தொடங்கின?"

"ஏன் கேக்குற?"

"எனக்கும் ரொட்டி திண்டா வயிறு ஊதும். பாண் திண்டா ராவெல்லாம் நோகும். சின்னதுலருந்தே. நான் உம்மாட்ட சொல்றல்ல." கதவைப் பார்த்துக்கொண்டாள். "நீங்களும் சொல்லாதங்க சாச்சி."

கமீலாவின் கை அகப்பையோடு நின்றுவிட்டது.

"சொல்ல மாட்டன்" என்றாள். யோசிக்கும் முன்னமே வாயில் வந்துவிட்டது.

மா கருகத் தொடங்கியது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் எலும்பு தெரிகிறது. மெலிந்த பெண் அழகு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கண்டிக்குப் போகணும். இரத்தம் குடுத்துப் பாக்கணும்."

"உம்மாட்ட என்னெண்டு சொல்ற?"

"நஸ்ஹாக்குக் கிளினிக், துணைக்கு நீ வாற எண்டு சொல்லுவன்."

"காவினுக்கு முந்தியா?"

"ஓம். முந்தி."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுபைறா மகளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பஸ்லியா போகவில்லை. கமீலா காலையில் அவித்த அரிசிமா இடியப்பம் இரண்டை எடுத்துத் தட்டில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல இத சாப்பிடு. இது ஒண்ணும் செய்யாது."