அவள் நிறுத்திய பக்கம்

மதுமதி ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தாள். துடைத்த இடத்தில் அம்மாவின் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஈரம் படிந்து மறைத்தது. காலையிலிருந்து இதையே செய்துகொண்டிருந்தாள். வேறு வேலை சொன்னால் அழுதுவிடுவாள் என்று பயந்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

"சாமி," என்று அவளைக் கூப்பிட்டார் பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா. "அம்மா படிச்சிட்டிருந்த கதப் புஸ்தகத்த எடுத்துட்டு வா. எந்தப் பக்கத்துல நிறுத்தியிருக்கறாளோ, அந்த அடையாளத்தோட எடுத்துட்டு வா."

"எதுக்குங்கப்பா?"

"மீதிய நான் படிச்சுச் சொல்லீர்றேன். உன்ற மாமன் வந்து கோடி போடாம எடுக்க முடியாதில்ல. தம்மம்பட்டில இருந்து வாரதுக்கு இன்னும் அர மணி நேரமாச்சும் ஆகும்."

பிறந்த வீட்டுக் கோடிச் சேலைக்காகத்தான், ராசிபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தத் தோட்டத்து வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். அப்பாவின் அக்கா காளியாத்தாள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏண்டா தம்பி, பொணத்துக்கு முன்னால உக்காந்து யாராச்சும் கத படிப்பாங்களா? ஒப்பாரி வெக்க வேண்டாமின்னு சொல்லிப்போட்டு, இது என்னடா புதுசா?"

"அவளுக்கு ஒப்பாரி புடிக்காதுக்கா. கததான் புடிக்கும்."

அத்தை வாயை மூடிக்கொண்டாள். அன்று காலையிலிருந்து அவள் வாயை மூடியது அப்போதுதான்.

அப்பா குழந்தைவேல் முப்பது வருடம் போர்வெல் வண்டியில் டிரில்லராக இருந்தவர். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று எட்டு மாதம் திரும்ப மாட்டார். போனில் அவ்வளவு நாளும் என்னத்தைப் பேசுவது? சாப்பிட்டாச்சா, மழை பெய்ததா, எருமை கன்று போட்டதா. மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான்.

அதற்கு அம்மா சாரதாமணிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பாவுக்கு நிஜத்தைச் சொல்லும் புத்தகம் வேண்டும். கதை என்றால் கொட்டாவி விடுவார். அம்மாவுக்குக் கதை இல்லாத புத்தகம் மளிகைக்கடைச் சீட்டு. ஆகவே ஒரே சங்கதியில் இரண்டு புத்தகம் எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். ரயில்பாதை போட்ட வரலாறு அப்பாவின் பையில் போகும். ரயில்வே கேட் காவலாளியின் குடும்பத்து நாவல் அம்மாவின் தலைமாட்டில் இருக்கும். நிலத்தடி நீரைப் பற்றி அவருக்கு ஒன்று, கிணறு வற்றிய ஊரின் கதை இவளுக்கு ஒன்று. அதன்பிறகு போனில் ஓயாத சண்டை.

"உங்க புஸ்தகத்துல எத்தன பேரு செத்தாங்கன்னு போட்டிருக்குது. என்ற புஸ்தகத்துல யாரு செத்தாங்கன்னு இருக்குது," என்பாள் அம்மா. அப்பா பதிலை யோசித்து வைத்துக்கொண்டு மறுநாள் கூப்பிடுவார்.

அவர் வண்டி வேலையை விட்டு வீட்டோடு வந்த பிறகும் ஜோடி எடுப்பது நிற்கவில்லை. மதுமதி ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் தேடிக் கொண்டுவருவது அவள் பொறுப்பாயிற்று. அம்மாவிடம் அவளுக்கு ஒரே குறை. விரலை நாக்கில் தொட்டுத்தான் தாளைத் திருப்புவாள். அவள் படித்த புத்தகத்தின் கீழ்மூலைகள் உப்பிச் சுருண்டு கிடக்கும். "நூலகத்துல எனக்குத்தான் கெட்ட பேரு," என்று மதுமதி சண்டை போட்டால், "படிச்ச புஸ்தகம் படிச்சாப்பல இருந்தா என்ன?" என்பாள்.

நான்கு மாதத்துக்கு முன் அம்மாவின் கண்கள் மஞ்சளாயின. கணையத்தில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அப்பா மதுமதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரிய வேண்டாம் சாமி. பயந்துக்குவா. காமாலைன்னே சொல்லிக்கலாம்."

அம்மா நம்பினாள். கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள். "அப்ப இந்தத் தடவ ஜோடி காமாலதான். அப்பாவுக்கு அதப் பத்தி ஒண்ணு, எனக்குக் காமால வந்தவ கத ஒண்ணு எடுத்துட்டு வா," என்று சிரித்தாள்.

காமாலைக்கு நாவலை எங்கே தேடுவது? நெடுநாள் காய்ச்சலில் கிடந்து, பிழைத்து, வீடு திரும்பும் ஒருத்தியின் கதையை மதுமதி எடுத்துவந்தாள். யாரும் இன்னும் பிரிக்காத புதுப் பிரதி. அப்பா அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டது வேறு: புற்றைப் பற்றிய புத்தகம். அதற்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டு, காமாலைப் புத்தகம் என்று சொல்லி, அம்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து படித்தார். அறுபதாம் பக்கத்தில் ஓர் அட்டவணை வந்தது. நூறு பேரில் எத்தனை பேர், எத்தனை மாதம் என்று. அன்று மூடி ஜன்னல் திட்டில் வைத்தவர், பிறகு தொடவில்லை. கண்ணாடி சரியில்லை என்றார்.

நேற்றுச் சாயங்காலம் அம்மா போனதிலிருந்து அவருக்கு இருந்த ஆறுதல் ஒன்றே ஒன்று. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "கடசி வரைக்கும் அவளுக்குத் தெரியாதுங்க. பயமில்லாமப் போயிட்டா."

மதுமதி உள்ளறைக்குப் போனாள். இரண்டு புத்தகங்களும் ஜன்னல் திட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. படுக்கையில் விழுந்த பிறகு அம்மா அடையாளத்துக்கு வைப்பது காலி மாத்திரை அட்டையைத்தான். நாவலை விரித்து உதறினாள். எதுவும் விழவில்லை. தலையணைக்கு அடியில் பார்த்தாள், கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். பிறகுதான் காலண்டர் அட்டை போட்ட புத்தகத்திலிருந்து வெள்ளியாக ஏதோ நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

வலிக்கென்று கடைசிப் பத்து நாள் மட்டும் கொடுத்த மாத்திரையின் அட்டை. நூற்றெண்பத்து நான்காம் பக்கத்தில் இருந்தது. பக்கத்தின் தலைப்பு, 'கடைசி நாட்கள்'.

அப்பா பால் ஊற்ற சொசைட்டிக்குப் போகும் நேரத்தில் அம்மா இதைப் படித்திருக்கிறாள். அவர் தாண்ட முடியாத அந்த அட்டவணையைத் தாண்டி, இத்தனை பக்கம் போயிருக்கிறாள்.

நான்கு நாளைக்கு முன் அம்மா அப்பாவின் கையைத் தடவிக்கொண்டே, "காமால எறங்கிருச்சாட்ட இருக்குதுங்க. கண்ணப் பாருங்க, வெளுத்திருக்குது," என்றது மதுமதியின் ஞாபகத்துக்கு வந்தது. அப்பா அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார். இத்தனை வருடம் கதை படித்தவள், கடைசியில் தானே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

மதுமதி கட்டிலில் உட்கார்ந்து துண்டை வாயில் திணித்துக்கொண்டாள். அம்மா பயந்திருப்பாள். இந்தக் கட்டிலில், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்போதே, தன்னந்தனியாகப் பயந்திருப்பாள். காமாலைக்கு மோர் நல்லது என்று நான் டம்ளரை நீட்டினேனே. வாங்கிக் குடித்தாளே. இந்த நினைப்பு வந்ததும் அழுகை அடங்க மறுத்தது.

"கெடச்சுதா சாமி?" என்று வெளியிலிருந்து அப்பா கேட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாத்திரை அட்டையை உருவி, நாவலின் நடுவில் ஓரிடத்தில் செருகி எடுத்துப்போனாள்.

"எத்தனாம் பக்கம்?"

"நூத்திப் பத்துங்கப்பா."

"பரவால்ல. அந்த முடியாமையிலயும் அவ்வளவு படிச்சிருக்கறா." அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போர் எத்தனை அடி இறங்கியது என்று முதலாளிக்குப் படித்துச் சொல்லும் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், பெட்டியைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார்.

ஒரு பத்தி படித்தார். தாளின் மூலையைப் பிடித்தவர் திருப்பாமல் நிறுத்தினார். கட்டை விரலால் மூலையைத் தடவினார். பின்பக்கமாக ஒரு தாளைத் திருப்பினார். இன்னொன்று. அப்புறம் கொத்தாக. எல்லா மூலைகளும் கடையில் வாங்கியபோது இருந்தது போலவே விறைத்துக்கொண்டிருந்தன.

மதுமதிக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா இந்தப் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை.

அப்பா முதல் பக்கம் வரை போனார். மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னால் அச்சடித்திருந்த அந்தக் கடைசி வலி மாத்திரையின் பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றாமலே மதுமதியை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த இன்னொரு புஸ்தகம்..." என்று தொடங்கினார். அதோடு நிறுத்திக்கொண்டார். அட்டையைச் சட்டைப் பையில் போட்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. அம்மாவின் தம்பி சின்னுசாமி கோடிச் சேலை வைத்த தட்டோடு இறங்கி, பந்தலுக்குள் வந்தார். பெண்கள் எழுந்தார்கள். சத்தம் கூடியது.

"கோடி வந்துருச்சுடா தம்பி. எந்திரி," என்றாள் அத்தை.

"ஒரு பக்கம்க்கா. ஒரே ஒரு பக்கம்."

சின்னுசாமி தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அப்பா உள்ளங்கையால் பெட்டிக் கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்தார். நாவலை முதல் வரியிலிருந்து வாசித்தார். குரல் இரண்டு இடத்தில் உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. பக்கம் முடிந்ததும் விரலை நாக்கில் தொட்டு, தாளைத் திருப்பினார்.