ஆட்சேபணை

வாழைக்கு வேட்டி கட்டிக்கொண்டிருந்தான் ராஜ்கமல். ஆள் உயரக் கன்று. இடுப்பென்று ஒன்று இல்லாததால் வேட்டி வழுக்கி வழுக்கி இறங்கியது. மூன்றாவது முறையும் இறங்கியதும் சணல் கயிற்றைப் போட்டு இறுக்கினான்.

"நேரா நிறுத்துடா. மாப்ள சாஞ்சிக்கினு நிக்கறாரு பாரு" என்றாள் அத்தை சிவசங்கரி. சொன்ன வேகத்தில் அவளே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டிக்குள் ராஜ்கமலின் அக்கா ரேணுகா படுத்திருந்தாள். முப்பத்திரண்டு வயது. சார்கருவூலத்தில் கணக்கர். டெங்கு என்று பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாலாம் நாள் காலையில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணம் ஆகாமல் போனவளை அப்படியே எடுக்கக் கூடாது, வாழைக்காவது கட்டிவைத்து, தாலியை அறுத்த பிறகுதான் எடுக்கவேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அம்மா சுலோசனாவும் தலையாட்டிவிட்டாள்.

கலைமதி அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் கையை விரித்தபோது அவள் மனதில் முதலில் வந்து நின்றது அக்காவின் வேலை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள் கலைமதி. பணியில் இருக்கும்போது செத்தவர்களின் வாரிசுகளுக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கல்யாணம் ஆகாதவர் செத்தால், கல்யாணம் ஆகாத தம்பி தங்கை கேட்கலாம். மூன்று வருஷத்துக்குள் கேட்கவேண்டும். எல்லாம் மனப்பாடம். அக்கா இன்னும் சூடு ஆறாமல் கிடக்கும்போதே அது அத்தனையும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

இரண்டு பேரும் ஒரே வருஷம்தான் குரூப் டூ எழுதினார்கள். ஒரே நோட்டு. அதுவும் கலைமதி எழுதிய நோட்டு. "இத எனக்குப் புரியற மாதிரி சொல்லுடி" என்று அக்காதான் அவள் பக்கத்தில் வந்து உட்காருவாள். அக்காவுக்குக் கிடைத்தது. கலைமதிக்கு ஒன்றரை மதிப்பெண்ணில் போனது.

அதிலிருந்து மீன் குழம்பில் தலை அக்காவுக்கு. ஃபேனுக்கு நேர் கீழே பாய் அக்காவுக்கு. உப்பளத்தில் உப்பை இழுத்துச் சேர்க்கும் வாருபலகை பிடிக்கிற அப்பா ராஜாங்கம், கரையில் யாரைப் பார்த்தாலும் "எம் பொண்ணு கருவூலத்துல இருக்குது" என்பார். வீட்டில் ஒரே ஒரு பெண்தான் இருப்பதைப் போலக் கேட்கும். அதன்பிறகு கலைமதி நாலு முறை எழுதினாள். ஒவ்வொரு முறை ரிசல்ட் வரும்போதும் "வுடுடி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பாள் ரேணுகா. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருக்கலாம். அதற்கும் வழி வைக்காதவள்.

பதினோரு மணிக்கு ஆபீஸ் வேன் வந்தது. கருவூல அதிகாரி முருகையன் ரோஜா மாலையோடு இறங்கினார். மாலையைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ராஜாங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்றதா வேணாமான்னு தெரியலீங்க ஐயா. ப்ரமோஷன் பேனல்ல ரேணுகா பேரு மூணாவதா வந்திருக்குது. கண்காணிப்பாளர். திங்கக்கிழம ஆர்டர் கைக்கு வந்திருக்கும்."

"ஐயோ, கண்காணிப்பாளராமே எஞ் செல்லம்!" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். தெருவே எழுந்து நின்று பெட்டியைப் பார்த்தது.

கலைமதிக்கு வயிறு எரிந்தது. செத்தும் மேலே ஏறிப் போகிறாள். இவள் உயிரோடு உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்க்கிறாள்.

ரேணுகாவை வெளியே எடுத்துக் கிடத்தி, கூறைப்புடவை போர்த்தி, வாழையைத் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பதிலாக அத்தைதான் மஞ்சள் கயிற்றை எடுத்தாள். முதல் முடிச்சுப் போடக் குனிந்தாள்.

"நிறுத்து, நிறுத்து!" என்று ராஜாங்கம் குறுக்கே வந்தார்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் முருகையனிடம் போனார். குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தார்; உப்பளத்துக் காற்றில் கத்தியே பழகிய தொண்டை.

"சார், இந்தத் தாலி கட்டறதால... வாரிசு வேலைக்கு எதுனா குறுக்கால வருங்களா? கல்யாணம் ஆவாத புள்ளன்னாதான கூடப் பொறந்ததுங்களுக்குக் குடுப்பாங்கன்னு சொல்றாங்க. நாளைக்கி எவனாவது இத போட்டோ புடிச்சி, கல்யாணம் ஆயிடுச்சின்னு மனு கினு போட்டுட்டா?"

முருகையன் அவரையே பார்த்தார். பிறகு வாழையைப் பார்த்தார்.

"வாழமரம் ஆட்சேபணை பண்ணாதுங்க ஐயா. கட்டுங்க."

ஆபீஸ் ஆட்களில் ஒருவர் இருமிச் சிரிப்பை மறைத்தார். ராஜாங்கத்துக்கு அது தெரியவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அப்ப எங்க ராஜ்கமலுக்குக் கேக்கலாங்களா? பத்தாவது பாஸு. உப்பு லாரில போறான்."

"கேக்கலாம். இளநிலை உதவியாளர் தருவாங்க. நீங்க, அம்மா, இந்தப் பொண்ணு எல்லாரும் ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்து போடணும். அதெல்லாம் காரியம் முடியட்டுங்க, அப்புறம் பேசலாம்."

"அது போட்டுடும் சார்" என்றார் ராஜாங்கம், கலைமதியின் பக்கம் திரும்பாமலேயே.

"நான் போட மாட்டேன்."

குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று கலைமதியே நினைக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அந்த வேல எனக்குத்தான் வேணும்."

"ஏ, இன்னா பேசற நீ? பொணத்த வச்சிக்கினு!" என்றாள் அத்தை.

"அவுரு மட்டும் பொணத்த வச்சிக்கினுதான கேட்டாரு?"

"நீ நாளைக்கி இன்னொருத்தன் வூட்டுக்குப் போறவடி" என்றார் ராஜாங்கம். "அவன்தான் வூட்டுல இருக்கப் போறவன்."

"அக்கா போனாளா?" கலைமதி கையை நீட்டினாள். "ஆறு வருஷமா எத்தினி பேரு வந்து கேட்டாங்க? தை பொறக்கட்டும், அடுத்த தை பொறக்கட்டும்னு சொன்னது யாரு? அவ சம்பளம் இருந்தாதான் வூடுன்னு இருந்துட்டு, இப்ப கொண்டாந்து நிறுத்தி இருக்கீங்களே ஒரு மாப்ளைய!"

காற்றில் வாழையிலை மட்டும் படபடத்தது.

ராஜ்கமல் கையிலிருந்த மீதிச் சணலைக் கீழே எறிந்தான். "எடுத்துக்க. அதுக்குத்தான இத்தினி நாளா காத்துக்கினு இருந்த."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் பொய்யாகிவிடும். அக்காவுக்காக நியாயம் கேட்ட மாதிரிதான் எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்டது தனக்காக என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும் போலிருந்தது. சுலோசனா மகளை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு நாத்தனாரின் கையிலிருந்து மஞ்சள் கயிற்றை வாங்கி, ரேணுகாவின் கழுத்தில் தானே மூன்று முடிச்சும் போட்டாள். தானே அறுத்தாள்.

பிற்பகலில் எடுத்தார்கள். உப்பளக் கரை வழியாகப் பறைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது. ஆண்கள் போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் கொல்லையில் தண்ணீர் டிரம்மைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெற்றவள்தான் ஊற்றிவிட வேண்டும். சுலோசனா முதலில் தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு சொம்பும் கையுமாக நின்று ஒவ்வொருத்தி தலையிலும் மூன்று சொம்பு ஊற்றி, "போதும், எந்திரு" என்றாள். அத்தைக்கு ஊற்றினாள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஊற்றினாள். ஆபீஸிலிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு பெண்ணுக்கும் ஊற்றினாள்.

கடைசியாகக் கலைமதி உட்கார்ந்தாள். முடியை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

சொம்பு நிறையும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழவில்லை. டிரம்மின் விளிம்பில் சொம்பை வைக்கும் சத்தம் கேட்டது. ஈரப் புடவை சரசரக்க அம்மா உள்ளே போனாள்.

கலைமதி கையை நீட்டிச் சொம்பை எடுத்தாள். ஊற்றிக்கொண்டாள். மொண்டு, இன்னொரு சொம்பு. இன்னொன்று. நாலாவதும் ஊற்றினாள். போதும் என்று சொல்ல யாரும் இல்லை.