குத்தகைப் பத்திரத்தின் ஒன்பதாம் பத்தி

1

இந்தக் கதை ஒரு வேண்டுகோளிலிருந்து பிறந்தது. போன சனிக்கிழமை வேம்புப் பெரியம்மா ஆங்கிலத்தில் அச்சடித்த ஏழு பக்கங்களை என் முன்னால் வைத்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுடா" என்றாள். குத்தகைப் பத்திரம். தன்னுடைய ஒரு ஏக்கரை மறுபடியும் இறால் பண்ணைக்கு விடுவதா, வேண்டாமா என்று அவள் இந்த வெள்ளிக்கிழமை சொல்லியாக வேண்டும்.

நான் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்து வளர்ந்தவன். மயிலாடுதுறை நூலகத்தில் அந்த அலமாரிக்கு என்னைத் தவிர வேறு ஆள் வந்து பார்த்ததில்லை. பனி பெய்யும் ஊர்களில் யாராவது நிலத்தை இழந்தால் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். அதையெல்லாம் தமிழாக்கியவர்கள்மேல் எனக்குப் பொறாமையும் உண்டு. எனக்குக் கிடைத்த முதல் மொழிபெயர்ப்பு வேலை இந்தப் பத்திரம்தான்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"1991-இல் தில்லியில் நாட்டின் கதவைத் திறந்தபோது, கீழத்தஞ்சையில் ஒரு பெண் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்." (அடித்துவிட்டேன். கதவு என்றதும் யாரோ வீட்டுக்குள் நுழைவதுபோல் இருக்கிறது. எங்கள் ஊருக்கு வெளிநாட்டுப் பணம் ஜீப்பில் வந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிய கம்பெனி மேலாளர், தூத்துக்குடிக்காரர் செல்லதுரை, முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். கொடுத்தது பெரியம்மா.)

"மிராசுதார் பினாமி பெயரில் பதுக்கிய வயலில், பதினெட்டு வயது வேம்பு அரிவாளோடு இறங்கினாள். வரப்பில் போலீஸ் லாரி நின்றது. அவள் குனிந்து முதல் பிடியை—" (இது உண்மை. எழுபதுகளின் தொடக்கம். அந்த அறுவடைக்காக அவள் பதினொரு நாள் திருச்சி சிறையில் இருந்தாள். பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் அந்த வயல் பிரிந்து, பெரியப்பா வீரையனுக்கு ஒரு ஏக்கரும் அவர் தம்பிக்கு ஒரு ஏக்கரும் பட்டா ஆனது. ஆனால் இப்படித் தொடங்கினால், இருபது வருடம் கழித்து அதே வேம்பு அதே நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்ததை வாசகர் மன்னிக்கவே மாட்டார்.)

மூன்றாவது தொடக்கத்தை நீங்கள் படித்துவிட்டீர்கள்.

3

முதலில் இதை ஒரு துயரக் கதையாகத்தான் எழுதினேன். விதவை, பிள்ளையில்லாதவள், கம்பெனி ஏமாற்றிவிட்டது, அவள் கரையில் உட்கார்ந்து அழுகிறாள். பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"யார்ரா இது, பக்கத்துக்குப் பக்கம் அழுவுறது?"

"நீங்கதான் பெரியம்மா."

"நான் எங்கடா அழுதேன்? அந்த மூணு வருஷம் மாதிரி எனக்கு அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. போயி மாத்தி எழுது."

அவள் சொன்னதை எழுதுகிறேன். தொண்ணூற்று நான்கில் வயல்களை வெட்டிக் குளமாக்கினார்கள். உப்பனாற்றிலிருந்து கடல் தண்ணீர் ஏறியது. நெல் இருந்த இடத்தில் இறால். பெரியப்பா அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார். நிலத்தைக் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள்; பெரியம்மா தானே போனாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கழுத்தில் படம் ஒட்டிய அட்டை; அவள் வாழ்க்கையில் எடுத்த முதல் படம் அது. "ஏண்டி வேம்பு, போலீசு வருதுன்னு பயந்துட்டேன்" என்று தெருவில் கிண்டல் செய்வார்களாம். "வந்தா என்ன பண்ணுவ? அரிவாள ஒளிச்சு வைப்பியா?" என்று இவள் கேட்பாளாம்.

தண்ணீரில் ஒரு வலைத் தட்டில் தீனி இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். மிச்சம் இருந்தால் இறாலுக்கு உடம்பு சரியில்லை. தட்டைத் தூக்காமல், தண்ணீரைப் பார்த்தே அவள் சொல்லிவிடுவாளாம். பாங்காக்கிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் அவள் சொன்னதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாராம்.* சாயங்காலம் தண்ணீரைக் கலக்கும் சக்கரங்கள் எல்லாக் குளத்திலும் ஒரே நேரத்தில் ஓடும். "திருவிடைமருதூர் தேரு நகர்ற மாதிரி சத்தம்டா. தினமும்."

நான் எந்தப் புத்தகத்திலும் படிக்காத ஏக்கம் இது. அன்னிய மூலதனம் வந்த நாட்களுக்காக ஏங்குகிற ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

* அவர் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு "ஆரோய்" என்பார். அவர்கள் மொழியில் ருசி என்று பொருள். எங்கள் தெருவில் இன்றும் குழம்பு நன்றாக இருந்தால் கிழவிகள் "ஆரோய்" என்கிறார்கள். வந்து போன பணத்தில் ஊரில் தங்கியது இந்த ஒரு சொல்.

4

(இதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னை நம்ப மாட்டீர்கள் என்று தள்ளிப்போட்டேன். பெரியம்மாவின் ஏக்கருக்கு மேற்கே ஒட்டியிருக்கும் வயல் எங்களுடையது. வீரையனின் தம்பி நல்லக்கண்ணு என் அப்பா. அவர் நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கவில்லை.)

தொண்ணூற்று ஆறு, கார்த்திகை. மூன்று நாள் மழை. செல்லதுரை நாகப்பட்டினம் போய் மாட்டிக்கொண்டார். விடிந்தபோது குளம் விளிம்பு வரை ஏறிவிட்டது. காவலுக்கு இருந்தவர்கள் ஓட, பெரியம்மா மண்வெட்டியை எடுத்து மேற்குக் கரையை வெட்டினாள். அது அவளுடைய சொந்த ஏக்கர். நெல் காலத்தில் மடை எங்கே இருந்ததோ, சரியாக அதே இடத்தில் வெட்டினாள். குளத்து உப்புத் தண்ணீர், பாதி வளர்ந்த இறாலோடு, அப்பாவின் நாற்பது நாள் சம்பாவுக்குள் பாய்ந்தது.

இங்கே எனக்கு ஆசை வந்தது. கம்பெனியை அழிக்கவே அவள் கரையை உடைத்தாள் என்று எழுதினால் எப்படி இருக்கும்! அரிவாள் பிடித்த கை அல்லவா! ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். அவளிடம் கேட்டேன்.

"போடா. வேணும்னு செய்வனா, நான் வளத்த இறாலு? மழ வந்தா மடையத் தொறக்கணும், இல்லாட்டி பயிர் அழுவிடும். அதான் கைக்குத் தெரியும். அது கொளம்னு கைக்குத் தெரியல."

மூன்று நாள் ஊரே வயலில் இறால் பொறுக்கித் தின்றது. எனக்கு ஐந்து வயது. நான் முதலில் தின்ற இறால் எங்கள் சம்பாவில் பிடித்தது. நான்காம் நாள் பயிர் நுனியிலிருந்து சிவந்தது. பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா கேட்டது இவ்வளவுதான்:

"மழைக்கு மடய வெட்டாம வேற எத அண்ணி வெட்டுவீங்க? உள்ள வாங்க, நனையாதீங்க."

அதற்குப் பிறகு ஏழு வருடம் அந்த வயலில் நெல் நிற்கவில்லை. அப்பா திருப்பூருக்குப் போய், கப்பலேறும் பனியன்களுக்குச் சாயம் போட்டார். இன்றும் வெயிலில் அவர் உள்ளங்கை நீலமாகத் தெரியும்.

செல்லதுரை மேலே அனுப்பிய அறிக்கையில், "கரை தானாக உடைந்தது" என்று எழுதினார். பெரியம்மாவின் வேலை தப்பியது. அதை அவள் மறக்கவில்லை.

5

முடிவு எப்படி வந்தது என்பதற்கு மூன்று கட்சிகள் உண்டு. இறால் பண்ணைகள் கூடாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து மூடினார்கள் என்பது டீக்கடை. இறாலுக்கு வந்த வெள்ளைப்புள்ளி நோய் என்பது அப்பா. செல்லதுரை மட்டும், "தொண்ணூத்தேழு ஜூலையில கம்பெனிக்குப் பணம் போட்ட பாங்காக்ல அவங்க காசோட மதிப்பு விழுந்துட்டு. அங்க விழுந்தா இங்க எந்திரிக்க முடியாது" என்பார்.

பெரியம்மா அறிந்தது: ஒரு திங்கட்கிழமை தீனி மூட்டை வரவில்லை. அடுத்த திங்கள் டீசல் வரவில்லை. சக்கரங்கள் நின்றன. அவள் பூட்ஸ் போட்டுக்கொண்டு பத்து நாள் வேலைக்குப் போனாள். தவிட்டைப் பிசைந்து தட்டில் இறக்கிப் பார்த்தாள். பதினோராம் நாள் தட்டில் தவிடு அப்படியே இருந்தது.

(இங்கே உலகப் பொருளாதாரம் பற்றி ஒரு நல்ல பத்தி இருந்தது. இந்தத் தட்டுக்குப் பிறகு அது நிற்கவில்லை.)

6

போன மாதம் செல்லதுரை மறுபடி வந்தார். தலை நரைத்திருந்தது. இது புது கம்பெனி, பணம் சிங்கப்பூர் வழியாக, இறால் வேறு ரகம். இந்த வருடம் ஜூனில் மேட்டூர் அணை திறக்கவில்லை, குறுவை நெல் இல்லை. பெரியம்மாவின் ஏக்கர் பல வருட மழையில் உப்புக் கழுவி, இப்போதுதான் பத்து மூட்டை கொடுக்கிறது. எங்கள் வயலும் அப்படியே.

சனிக்கிழமை பெரியம்மா, செல்லதுரை, நான் மூவரும் உட்கார்ந்தோம். நான் படித்தேன். ஆறாம் பத்தி: கம்பெனி இந்தக் குத்தகையை உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ உள்ள எவருக்கும் மாற்றிக் கொடுக்கலாம். ஒன்பதாம் பத்தியில் நின்றேன்.

(ஒரு சொல்லைக் கூட்டினால் போதும். "உப்போடு" என்று சேர்த்துப் படித்திருந்தால் அவள் பயந்திருப்பாள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த ஆசை வருமா?)

சேர்க்கவில்லை. "குத்தகை முடியும் நாளில் நிலம் எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலையில் திருப்பித் தரப்படும்."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன்.

"செல்லதுரை, போன தடவ பத்திரத்துலயும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. எல்லாப் பத்திரத்துலயும் இருக்கும்."

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. எனக்கும் இங்கிலீசு அவ்வளவுதான்க்கா. கையெழுத்து எங்கன்னு மட்டும்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். செல்லதுரையும் சிரித்தார். இரண்டு பேரும் ஏதோ பழைய சினிமாவைப் பேசுவதுபோல் அந்த மூன்று வருடங்களைப் பேசினார்கள்: எந்தக் குளத்தில் எத்தனை டன், பொங்கலுக்கு வேனில் பூம்புகார் போனது, பாங்காக்காரர் சேற்றில் வழுக்கி விழுந்தது. அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. இளமையாக இருந்தது.

7

முடிவுகள்.

அ) அவள் கையெழுத்துப் போடுகிறாள். சாயங்காலம் சக்கரங்கள் ஓடுகின்றன. அறுபது வயதில் மறுபடி பூட்ஸ். மேற்கு வயல்—

ஆ) அவள் மறுக்கிறாள். நானும் அப்பாவும் மூச்சு விடுகிறோம். அவள் வானத்தையும் மேட்டூரையும் பார்த்துக்கொண்டு, நூறு நாள் வேலையில் குளக்கரையில் புல் செதுக்கி—

இரண்டையும் என்னால் முடிக்க முடியவில்லை. காரணம் இலக்கியம் அல்ல. செல்லதுரை போனபின் பெரியம்மா பத்திரத்தை என் மடியில் வைத்துச் சொன்னதுதான்:

"எனக்குப் பின்னாடி அது உனக்குத்தான். பக்கத்து வயலும் உன்னுது. போட வேணாம்னா வேணாம்னு சொல்லு, போட மாட்டேன். போடச் சொன்னா போடுறேன். எனக்கு ஆசையாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்கப்பன் வயல்ல ரெண்டாவது தடவ என்னால தண்ணி விட முடியாது. நீயே சொல்லு."

அப்பாவிடம் கேட்டேன். "அண்ணிக்கு எது சந்தோசமோ அது" என்று நீலக் கையால் வெற்றிலை மடித்தார். அவரும் என்னிடமே தள்ளிவிட்டார்.

இன்று வியாழக்கிழமை. பதில் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் ஐந்து நாளாக இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். இத்தனை பக்கமும் அதற்குத்தான். இப்போது உங்களுக்கு எனக்குத் தெரிந்த எல்லாமே தெரியும்: இரண்டு வயல், ஒரு பத்தி, அவள் சிரித்த சிரிப்பு. எனக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது. உங்களுக்கு அங்கே நிலம் இல்லை. ஆகவே என்னைவிட நீங்கள் நேர்மையாகச் சொல்லலாம்.

வாசலில் செருப்புச் சத்தம். வந்துவிட்டாள்.

"எழுதி முடிச்சிட்டியாடா?"

"முடிச்சிட்டேன் பெரியம்மா."

"அப்ப சொல்லு."

"பெரியம்மா, நீங்க