சுருக்கு வைத்த வாக்கியம்

லாரி ஓட்டுநருக்கு, அவன் வேலைக்குப் போக நினைத்த நாட்டின் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளிவிட்டான். பேச்சுத் தேர்வில்தான் இரண்டு முறையும் மண்ணைக் கவ்வினான். அவன் என்ன மொழி பேசுகிறான் என்று தேர்வாளர் விசாரித்ததாகக் கேள்வி. அவன் அதை மறுக்கிறான். மூன்றாவது முறைதான் கடைசி. அதிலும் போனால் மனைவியோடு அங்கே போய்க் குடியேறும் திட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

பயிற்சி நிலையத்து ஆசிரியர் ஒரு மடிக்கணினியை இரவல் கொடுத்தார். மைக்கில் பேசினால் குரல் கோடாகத் திரையில் ஓடும். மேலே நீலத்தில் அந்த நாட்டுக்காரர் கோடு, கீழே சிவப்பில் நம் கோடு. அழுத்தினால் மேடு, விழுங்கினால் பள்ளம்.

"வார்த்தையெல்லாம் சரியா வருது சார். எல்லாத்தையும் ஒரே மாதிரி அழுத்துறீங்க, அதான் வம்பு. கோட்டைப் பார்த்துப் பழகுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பழகினான். 'சாலை மூடியிருந்தது, அதனால் சுற்றி வந்தேன்' என்று பொருள்படும் வாக்கியம். நீலக் கோடு ஏறி இறங்கிப் போனது. அவனுடையது மதில் சுவர். எத்தனை தரம் சொன்னாலும் மதில் சுவர்தான். போதாக்குறைக்கு வாயை மூடிய பிறகும் கோடு குதித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் மனைவியின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். நிறுத்தினாள். கோடும் நின்றது. அவள் மிதியை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள். கோடு குதித்தது.

"என் மிஷின் பேசுதா?" என்று கையால் கேட்டாள். அவர்களுடைய கைப்பேச்சில் நீ, நீங்க என்ற பாகுபாடு கிடையாது. தன்னை 'நீங்க' என்றுதான் சொல்கிறாள் என்று அவனாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஆமா. கீழே இருக்கிறது என் குரல்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷன் குரலை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லாவே இல்ல" என்றாள்.

பிறகு நீலக் கோட்டில் விரலை வைத்தாள். "இந்த ஆளு துணியைப் பிடிச்சு இழுக்கிறாரு. அப்புறம் நடுவுல இருக்கிற பொடிசையெல்லாம் சேர்த்துச் சுருக்கு வைக்கிறாரு. திரும்ப இழுக்கிறாரு. நீங்க கோணிப் பை தைக்கிறீங்க."

அன்றிலிருந்து அவள் அவன் பின்னால் உட்கார்ந்து தோளில் கை வைத்துக்கொண்டாள். மேடு வரும்போது உள்ளங்கையால் ஒரு அழுத்து. சுருக்கு வரும்போது விரல் நுனிகள் குடுகுடுவென்று ஓடும். தப்பினால் ஒரு கிள்ளு. கிள்ளுக்குப் பயந்தே மதில் சுவர் மெல்ல மெல்ல இடிந்தது.

ஒரு சங்கடமும் நேர்ந்தது. முன்பெல்லாம் சண்டையில் அவன் கையோடு வாயும் சேர்ந்து ஓடும்போது அவள் "கத்துறீங்களா?" என்று கேட்பாள். "சாதாரணமாத்தான் பேசுறேன்" என்று அவன் சாதிப்பான். சாட்சிக்கு ஆளில்லை. இந்த முறை மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சாதாரணமாகத்தான் பேசுவதாகச் சொன்னான். அவள் கணினியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். சிவப்புக் கோடு திரைக்கு மேலே போய்விட்டிருந்தது.

தேர்வு நாளில் தோளில் கை இல்லை. முதல் கேள்விக்கே மதில் சுவர் எழும்பியது. அவனுக்கே தெரிந்தது. கையைத் தொடையில் வைத்து அவள் செய்வது போலவே அழுத்தினான், விரலை ஓட்டினான், ஒரு இடத்தில் கிள்ளிக்கொண்டான். வாக்கியம் தானாக ஏறி இறங்கியது. முடிந்ததும் காலில் ஏதாவது வலியா என்று தேர்வாளர் விசாரித்தார். அதற்கும் சரியான ஏற்ற இறக்கத்தோடு 'இல்லை' என்றான். தேறிவிட்டான்.

செய்தியைக் கையால் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தைத்தாள். மறுநாள் கணினியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உறையில் போடப் போனவனைத் தடுத்தாள்.

"என் பேரைச் சொல்லுங்க."

மைக்கருகில் குனிந்தவன் அப்படியே நின்றான். அவள் பேருக்கு அவர்களிடம் ஒரு சைகை இருந்தது, ஊசியில் நூல் கோர்ப்பது போல. வாயால் அந்தப் பேரை அலுவலகங்களில் கேட்டபோது சொன்னதோடு சரி. சொன்னான். மதில் சுவர் வந்தது.

"இதுதான் நானா?" என்றாள்.

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அவள் அவன் பின்னால் போய்த் தோளில் கை வைத்தாள். ஆனால் மேலே நீலக் கோடு இல்லை. 'மாதிரி இல்லை' என்று எழுதியிருந்தது. எங்கே அழுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை எடுத்துவிட்டாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கூட்டத்தில் அவள் முன்னால் போகிறாள், கூப்பிட்டால் திரும்புவாள் என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டான். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன ஆச்சு என்றார்.

சிவப்புக் கோடு உச்சிக்கு ஏறி, வெகுநேரம் அங்கேயே நின்று, மெதுவாக இறங்கியிருந்தது. அவள் அதன் மேல் விரலை ஓட்டினாள், முதலிலிருந்து கடைசி வரைக்கும்.

"கத்துறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான்.