தகரத்தில் விழுந்த மழை

ஜூயி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாட்டி ஜொபேதாவின் கை அதைத் தட்டிவிட்டது. தண்ணீர் முற்றத்து மண்ணில் கொட்டியது. பிள்ளை அழக்கூட இல்லை, விழித்தது.

"யாரைக் கேட்டுக் குழாயைத் திறந்தே? அது உன் சித்தி சீதனமாக் கொண்டாந்த டேங்க். உங்கம்மா சுமந்துட்டு வர்ற குளத்துத் தண்ணி இருக்குல்ல, அதைக் குடி."

அந்த உங்கம்மா வாசலில்தான் நின்றாள். இடுப்பிலிருந்த அலுமினியக் குடத்தை மொர்ஜினா அப்போதுதான் இறக்கியிருந்தாள். வரப்பும் கரையுமாக நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. மாமியாரை அவள் பார்க்கவில்லை, ஓர்ப்படி லைலியைத்தான் பார்த்தாள். முந்தானையில் குழாய்ப் பூட்டின் சாவியை முடிந்துகொண்டு, கறுப்பு டேங்குக்குப் பக்கத்தில் லைலி தலையைக் குனிந்து நின்றாள். சிரிப்பை மறைக்கத்தான் குனிகிறாள் என்று மொர்ஜினாவுக்குத் தோன்றியது.

வயல்களில் உப்பு நீரைப் பாய்ச்சி இறால் வளர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்த ஊரில் சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் வாயில் வைக்க ஒரு சொட்டு இல்லை. கிணறு உப்பு, அடிகுழாய் உப்பு. குளித்தால் சோப்பு நுரைக்காது. இறாலில் பணம் பார்த்த பெரிய மனிதர்கள் குல்னா பட்டணத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உப்பு மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. நல்ல தண்ணீர் என்றால் இரண்டு ஊர் தள்ளியிருக்கும் குளம், இல்லாவிட்டால் வானம்.

வானம் யாரிடமும் சீதனம் கேட்டதில்லை. கடலிலிருந்து எழும்போதே உப்பைக் கடலிடம் விட்டுவிட்டுத்தான் மேகம் வருகிறது. மனிதர்கள்தான் அதற்கும் ஒரு விலை வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால், இப்போதெல்லாம் நகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மழைத் தண்ணீர் டேங்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

மொர்ஜினா கல்யாணமாகி வந்த காலத்தில் மோஸ்தர் வேறாக இருந்தது. அப்போது எல்லோரும் கேட்டது தகரம். ஓலை வேய்ந்திருந்த இந்த வீட்டுக்கு முழுக்கத் தகரம் போட்டுக் கொடுத்தவர் அவள் அப்பா. கொஞ்ச நாள் ஜொபேதா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "என் மருமக வீட்டுத் தகரம், சத்தம் கேளுங்க" என்று தட்டிக் காட்டினாள். பிறகு மறந்துபோனாள். தலைக்கு மேலே இருப்பதை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

லைலியின் அப்பா டேங்க் கொடுத்த நாள் முதல் மொர்ஜினாவுக்கு வயிற்றெரிச்சல். சாதாரண எரிச்சல் இல்லை. லைலியின் கூந்தல் பட்டாக இருந்தது, தன் தலை தென்னை நாராக இருந்தது. லைலியின் இடுப்பில் குடம் பதிந்த தழும்பில்லை. லைலி வடித்த சோறு வெள்ளையாக இருந்தது. அவள் தும்மினால்கூட மொர்ஜினாவுக்குப் பொறுக்கவில்லை. தம்பியோடு செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்த அவள் புருஷன் காதேர், வந்த ஒரு விடுமுறையில் டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு வாய்ச்ச மாமனார் மாமனார்தான்!" என்றான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த டேங்குக்கு மழையை விடுவதும் அவள் வேலையாகவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. கூரையில் காக்கை எச்சமும் தூசியும் இருக்கும். முதலில் பெய்கிற மழை கூரையைக் கழுவிக்கொண்டு வெளியே போகவேண்டும், அப்புறம்தான் ஏணியில் ஏறிக் கூரையின் வடிகுழாயை டேங்குக்குத் திருப்பவேண்டும். லைலிக்கு ஏணி என்றால் பயம்.

பருவத்தின் கடைசிப் பெருமழை வந்த அன்று ஜொபேதா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். லைலி தலைவலியென்று உள்ளே படுத்திருந்தாள். கூரை கழுவியாயிற்று. மொர்ஜினா ஏணியருகில் நனைந்துகொண்டு நின்றாள், ஏறவில்லை. தண்ணீர் குபுகுபுவென்று ஓடைக்குப் போய், ஓடையிலிருந்து இறால் குட்டைக்குப் போயிற்று. பார்க்கப் பார்க்க அவளுக்குச் சுகமாக இருந்தது. மழை விட்ட பிறகு ஏறி, ஒன்றும் நடக்காதது போலக் குழாயைத் திருப்பி வைத்தாள்.

வெயில் தொடங்கி, பங்குனி பாதிகூடப் போகவில்லை, குழாய் இருமியது, பிறகு காற்றை மட்டும் துப்பியது. ஜொபேதா டேங்கைத் தட்டிப் பார்த்தாள். டொம் டொம் என்றது.

"ஓட்டை டேங்க்! ஓட்டை டேங்கைத் தலையில கட்டிட்டான் உங்கப்பன்! நிக்கிறா பாரு மகாராணி, எடுடி குடத்தை!"

மறுநாள் வெயிலுக்கு முன்னே லைலி குடத்தோடு மொர்ஜினாவின் பின்னால் நடந்தாள். கரையில் போன பெண்கள் விடவில்லை.

"அடியே, டேங்க்காரி இறங்கி வந்துட்டா! சாவி எங்கே, இடுப்புலயா?"

லைலி அழுவாள் என்று மொர்ஜினா காத்திருந்தாள். அவள் சிரித்தாள். "சாவியை இறாலு முழுங்கிருச்சு" என்றாள். கரை முழுக்கச் சிரித்தது. மொர்ஜினாவுக்கு இதுவும் எரிந்தது.

திரும்பும்போது லைலியின் இடுப்பு சிவந்துவிட்டது. குடத்தை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, உங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும், தெரியுமா?"

"என்னைப் பாத்தா?"

"ஆமா. நீங்க தினமும் நாலு பேரோட பேசிச் சிரிச்சுட்டு வர்றீங்க. நான் டேங்குக்குக் காவல். தாகம்னு வர்றவளுக்கெல்லாம் இல்லேன்னு சொல்லணும், மாமி உத்தரவு. ஊர்ல ஒருத்தி என்னோட பேசமாட்டா. அன்னிக்கு ஜூயிக்கு டம்ளரைக் கொடுத்ததே நான்தான். தட்டிவிட்டப்போ வாயைத் திறக்கத் துப்பில்ல, தலையைக் குனிஞ்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்கப்பா தகரம் கொடுத்தாரு. அது காலியாகாது. எங்கப்பா கொடுத்தது காலியாயிடுச்சு" என்றாள்.

மொர்ஜினா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீடு வருகிறவரை குடம் வழக்கத்தைவிடக் கனத்தது.

வீட்டில் லைலியின் அப்பா மொக்பூல் மியா உட்கார்ந்திருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தாள் ஜொபேதா. முக்காலியின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த மனிதருக்கு யாரும் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. லைலி தன் குடத்திலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

"ஈத் பெருநாளுக்குள்ள வேற டேங்க் வரணும். இதைவிடப் பெரிசா" என்றாள் ஜொபேதா. "இல்லேன்னா பொண்ணை இப்பவே கூட்டிட்டுப் போங்க. ஓட்டை டேங்கையும் எடுத்துட்டுப் போங்க."

அவர் டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"மாமி, டேங்க்ல ஓட்டை இல்ல" என்றாள் மொர்ஜினா.

"உன்னை யாரு கேட்டா?"

"கடைசி மழையை நான்தான் உள்ள விடல. ஓடைக்கு விட்டேன். இவ மேல இருந்த எரிச்சல்ல செஞ்சேன்."

லைலியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. ஜொபேதா மொர்ஜினாவின் பக்கம் திரும்பினாள்.

"பாவி! அப்படின்னா உங்கப்பனும் ஒரு டேங்க் கொடுக்கட்டும்! இவரும் ஒண்ணு கொடுக்கட்டும்! ரெண்டு டேங்க் வேணும் எனக்கு!"

செய்த பாவத்துக்குத் திட்டோ அடியோ விழும் என்றுதான் மொர்ஜினா நினைத்திருந்தாள். அவள் குற்றம்கூட அந்த வீட்டில் ஒரு சீதனமாகிவிட்டது. காலையில் கரையில் சிரித்த எல்லோரையும்விட உரக்கச் சிரிக்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது. உள்ளே போய்ப் புருஷனின் ஸ்பானரை எடுத்து வந்து, ஏணியைச் சுவரில் சாய்த்தாள்.

"எங்கடி ஏறுறே?"

"எங்கப்பன் கொடுத்தது மேலதான இருக்கு மாமி. கழட்டித் தர்றேன், வித்து டேங்க் வாங்கிக்குங்க. ரெண்டு என்ன, நாலு வாங்குங்க. மழை எதுமேல விழுந்து அதுக்குள்ள வரும்னு நானும் பாக்கறேன்."

ஜொபேதா கத்தினாள், அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள். வந்தவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள், ஒருவரும் உள்ளே வரவில்லை. டம்ளர் தண்ணீருக்கு அந்த வாசலில் நின்று திரும்பியவர்கள்தான் பாதிப் பேர். வடமேற்கில் கோடையின் முதல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

முதல் தகரம் கழன்றது ஜொபேதாவின் கட்டிலுக்கு நேர் மேலே. அடுத்ததில் ஸ்பானர் வழுக்கியது. ஏணி ஆடியது, பிறகு ஆடவில்லை. மொர்ஜினா கீழே பார்த்தாள். ஏணி என்றால் பயப்படுகிற லைலி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. கோபம் போய்விட்டதென்றும் சொல்ல முடியாது.

"அந்த மூலை நட்டு துருப்பிடிச்சிருக்கு அக்கா" என்றாள். "எண்ணெய் கொண்டு வரவா?"