எண்பதுக்குப் பிறகு முப்பத்து மூன்று

புத்தகத்தின் முதுகைப் பார்த்தே அது சரியா தப்பா என்று சொல்லிவிடுவாள் அவள். பைண்டிங் பட்டறையில் அவளுக்குப் பெயரே படிக்கட்டு அக்கா. அச்சாகி வரும் பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடித்தால் அது ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் அச்சகத்தார் ஒரு சின்னக் கறுப்புக் கோடு போட்டு அனுப்புவார்கள். முதல் பாரத்துக்கு உச்சியில், அடுத்ததற்குக் கொஞ்சம் கீழே, அதற்கடுத்ததற்கு இன்னும் கீழே. பாரங்களை வரிசையாக அடுக்கி முதுகைத் திருப்பினால் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். படி உடைந்திருந்தால் பாரம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். பக்க எண்ணைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதெல்லாம் நேற்று வேலைக்கு வந்தவர்கள் செய்கிற காரியம் என்பது அவள் கட்சி. பத்தொன்பது வருஷத்தில் அவள் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அந்த மிதப்பும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

அதே மிதப்போடுதான் பதினொரு மாதத்துக்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனிலும் பேசினாள்.

தம்பிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கார் பட்டறையில் வேலை. அங்கே இருந்த வெல்டர் அவனுக்கு உயிர்ச் சிநேகிதன். அவள் வீட்டில்தான் பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவன். அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவோடு போனபோது இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி பின்பக்க ஸ்டோர் ரூமுக்குள் ஓட, வெல்டர் துரத்திக்கொண்டு போனான். டப்பாவைக் கீழே போட்டுவிட்டு அவளும் ஓடினாள். அவள் கதவருகே போவதற்குள் வெல்டர் வெளியே வந்துவிட்டான். கையில் கத்தி. கத்தியிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பழைய டயர்களுக்கு நடுவே தம்பி கிடந்து துடித்தான். அவள் மடியில்தான் அடங்கினான்.

"குத்தினத நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார் ஸ்டேஷன் எழுத்தர்.

"பாத்தேன்."

அவள் பொய்க்காரி இல்லை. சொன்ன நேரத்தில் அது பொய் என்று அவளுக்கே தோன்றவில்லை. பிறகு சொல்லச் சொல்ல, அந்தக் கை ஓங்கியதும் இறங்கியதும் அவள் கண்முன் நிஜமாகவே ஓட ஆரம்பித்தன. தம்பிதான் கத்தியை எடுத்தான், இழுபறியில் அதன் மேலேயே விழுந்துவிட்டான் என்று வெல்டர் சாதித்தான். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறான் பாவி" என்றாள் அம்மா. அரசு வக்கீலும் கையைத் தேய்த்துக்கொண்டு சொல்லிவிட்டார்: "வேற சாட்சியே கிடையாதும்மா. கை ஓங்கினத நீங்க பாத்தீங்க. அந்த ஒரு வார்த்தைல தூக்குக் கயிறு உறுதி."

அந்த வார்த்தையைக் கோர்ட்டில் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாள்தான் படிக்கட்டு உடைந்தது.

பட்டறையில் அப்போது ஒரு புத்தகத்தின் அறுநூறு பிரதிகளைத் தைத்து முடித்திருந்தார்கள். ஏதோ ஒரு கல்லூரிக்காக, கொலையைப் பற்றி மூன்று வேதக்காரர்களும் என்ன சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டு எழுதியது. முதலில் யூதர், அடுத்து கிறிஸ்தவர், கடைசியில் முஸ்லிம். அட்டை ஒட்டுவது மட்டும் பாக்கி. ஃபோர்மேன் ஒரு பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற, மற்ற ஆறு நாளும் தவறாமல் கத்துகிற மனுஷன்.

"ஏம்மா படிக்கட்டு, எண்பதாம் பக்கத்துக்கு அப்புறம் என்ன வரும்?"

"எண்பத்தொண்ணு. இதென்ன விடுகதையாண்ணே?"

"இங்க முப்பத்து மூணு வருதே."

அவள் புத்தகத்தை வாங்கி முதுகைத் திருப்பினாள். கோடுகள் அச்சடித்தாற்போல இறங்கின. "படி சரியாத்தானே இருக்கு?"

"படி சரிதான். புஸ்தகம்தான் தப்பு."

அச்சகத்தில் மூன்றாம் பாரத்தின் கோட்டை ஆறாம் பாரத்திலும், ஆறாம் பாரத்தின் கோட்டை மூன்றாம் பாரத்திலும் மாற்றிப் போட்டுவிட்டிருந்தார்கள். கோட்டை நம்பி அடுக்கியவள் அவள். அறுநூறும் தப்பு, ஒன்று பாக்கியில்லாமல். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள்தான். நம்மில் யார்தான் அந்தப் பழமொழியை நமக்கென்று வைத்திருக்கிறோம்?

"எல்லாத்தையும் பிரிக்கணும்," என்றார் ஃபோர்மேன். ஆச்சரியமாக, அவர் கத்தவில்லை. "எனக்கு ஒண்ணுதான் புரியல. போன வாரம் இந்த இடத்த நானே படிச்சேன். பாரம் மாறின இடத்துல ஒரு தட்டு தட்டணுமே, இல்ல. தண்ணி மாதிரி ஓடுச்சு. நீயே படிச்சுப் பாரேன்."

அவள் எண்பதாம் பக்கத்தின் கடைசி வரிகளைப் படித்தாள். முஸ்லிம்களைப் பற்றிய பகுதி. அவளுக்கு ஏழு வயதிலிருந்து மனப்பாடமான அவள் வேதத்தின் வசனம்தான். கொலைக்குப் பதிலாகவோ பூமியில் குழப்பம் செய்ததற்காகவோ அன்றி, ஓர் உயிரைக் கொன்றவன். அங்கே பக்கம் முடிந்தது. திருப்பினாள். முப்பத்து மூன்றாம் பக்கம் தொடங்கியது: ஓர் உலகம் முழுவதையும் அழித்தவன் போலாவான், ஓர் உயிரைக் காத்தவன் ஓர் உலகம் முழுவதையும் காத்தவன் போலாவான்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் வேதத்தில் 'மனிதர் அனைவரையும்' என்று வரும். இது யூதர்களின் பழைய நீதிமன்றத்தில் சொன்னது. அவசரமாக முப்பத்திரண்டாம் பக்கத்துக்குப் போனாள். அங்கே யூதர்களின் வாசகம் பாதியில் நின்று, அடுத்த பக்கத்தில் அவள் வேதத்தின் மீதியோடு சேர்ந்து முழுசாகியிருந்தது. இரண்டு இடத்திலும் தையல் தெரியவில்லை.

மேலே இருந்த வரிகளுக்குத் திரும்பினாள். இதன் காரணமாகவே இஸ்ரவேல் மக்களுக்கு நாம் இப்படி விதித்தோம் என்றுதான் அந்த வசனம் ஆரம்பிக்கிறது. ஆயிரம் தடவை ஓதியிருக்கிறாள். கடிதத்தைப் படிக்கிற அவசரத்தில் உறைமேல் இருக்கும் முகவரியைத் தாண்டிப் போவது போல அந்தத் தொடக்கத்தைத் தாண்டியே போயிருக்கிறாள். இது முதலில் யூதர்களுக்குச் சொன்னதுதான் என்று அவள் வேதமே இவ்வளவு காலமும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"என்னம்மா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?"

"ரெண்டும் ஒட்டிக்கிச்சுண்ணே. நாம பசையே போடல."

ஃபோர்மேன் தலையைச் சொறிந்தார். "கொல்லாதேன்னு மோசேகிட்ட சொன்னது யூதருக்கும் பொது, எங்களுக்கும் பொது. எங்க ஆளு அதுக்கும் ஒரு படி கீழ எறங்கிட்டாரு. சகோதரன்மேல கோவப்பட்டாலே தீர்ப்புக்கு நிக்கணும்னுட்டாரு. அந்தக் கணக்குல பாத்தா இந்தப் பட்டறைல ஒருத்தரும் ஜெயிலுக்கு வெளிய இருக்க முடியாது. மொத ஆளு நான்தான்." சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மறுநாள் அவள் எங்கே போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அவள் முப்பத்து மூன்றாம் பக்கத்தில் கீழே இறங்கினாள். உயிர் சம்பந்தப்பட்ட வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவனை அந்தக் காலத்து நீதிபதிகள் எப்படி எச்சரித்தார்கள் என்று எழுதியிருந்தது. ஊகத்தில் பேசாதே. ஒருவன் இன்னொருவனைப் பாழடைந்த கட்டடத்துக்குள் துரத்திக்கொண்டு போவதைப் பார்த்தாய். பின்னாலேயே ஓடினாய். அவன் கையில் வாள் இருந்தது, வாளில் ரத்தம் சொட்டியது, மற்றவன் கிடந்து துடித்தான். இவ்வளவுதான் பார்த்தாய் என்றால், நீ எதையுமே பார்க்கவில்லை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால், எந்த ஊரிலோ, முகம் தெரியாத யாரோ அவள் ஓடிய ஓட்டத்தை அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள். டப்பா ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. பயமா பக்தியா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. சண்டை ஒரு படி, துரத்தல் ஒரு படி, கத்தி ஒரு படி, ரத்தம் ஒரு படி. நடுவில் ஒரு கோட்டை அவளே போட்டுக்கொண்டு, படி சரியாக இறங்குகிறது என்று சொல்லியிருக்கிறாள். உள்ளே திறந்து அவள் பார்க்கவேயில்லை.

சாயங்காலம் அந்தப் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனாள். சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எண்பதாம் பக்கத்திலிருந்து வாசித்தாள். அம்மா கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டாள். பாரம் மாறிய இடத்திலும் அந்தத் தலை நிற்காமல் ஆடியது. நீ எதையுமே பார்க்கவில்லை என்ற இடத்தில்தான் நின்றது.

"என்னடி இது?"

"நான் பாக்கலம்மா. ஓடினேன், கத்தியப் பாத்தேன். குத்தினதப் பாக்கல."

அம்மா மடித்த துணியை மறுபடி உதறினாள். "உயிருக்கு உயிர்னு நம்ம வேதத்துல இல்லையா?"

"இருக்கு. யூதருக்கும் அப்படித்தான் விதிச்சோம்னு சேர்த்தே இருக்கு. விட்டுக் குடுத்தா அது பாவத்துக்குப் பரிகாரம்னும் அங்கேயே இருக்கு. சாட்சி சொன்னா அல்லாவுக்காகச் சொல்லு, அது உனக்கே எதிரா இருந்தாலும், பெத்தவங்களுக்கே எதிரா இருந்தாலும்னு இருக்கேம்மா. நீதானே எனக்கு ஓதிக் குடுத்த?"

"நீ பாத்தேன்னு சொன்னதாலதான்டி இத்தன நாளும் கண்ணு மூடினேன்." அம்மாவின் குரல் உடைந்தது. "அதையும் புடுங்கிக்கப் போறியா?"

அன்று ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் கோர்ட்டில் மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. கூண்டில் வெல்டர் தலையைக் குனிந்தபடி நின்றான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சத்தியம் வாங்கியதும் அரசு வக்கீல் நேரே கேள்விக்கு வந்தார். "கூண்டுல நிக்கிற எதிரி கத்தியால குத்தினத நீங்க பாத்தீங்களா?"

"இல்லைங்க."

வக்கீல் சிரிக்கப் பார்த்தார். "கேள்வி புரியலையா? ஸ்டேஷன்ல பாத்தேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அது தப்பு. இவரு துரத்திட்டுப் போனதப் பாத்தேன். கத்தியோட வெளிய வந்ததப் பாத்தேன். உள்ள நடந்தத நான் பாக்கல."

சபையில் சலசலப்பு எழுந்தது. பொய் வாக்குமூலத்துக்கு அவள் மேலேயே வழக்கு வரலாம், தெரியுமா என்று கேட்டார் நீதிபதி. தெரியும் என்றாள். பின்வரிசையில் அம்மா எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். அதைப் பார்த்ததும்தான் தம்பியைத் தானே இரண்டாம் தடவை சாகவிட்டோமோ என்று நினைத்தாள்.

"ஐயா," என்றான் வெல்டர்.

அவனுடைய வக்கீல் பேசாதே என்று கையை ஆட்டினார். வெல்டர் அவரைப் பார்க்கவேயில்லை.

"அக்கா சொல்றது உண்மைதான். அவங்க கதவுக்கு வரும்போது எல்லாம் முடிஞ்சிருச்சு. பாத்தது நான் ஒருத்தன்தான்." தலையை நிமிர்த்தினான். "அவன் கத்திய எடுக்கல. விழவும் இல்ல. நான்தான் குத்தினேன். கோவத்துல குத்திட்டேன்."

எழுதுகிறவர்கூடப் பேனாவை எடுக்க மறந்துவிட்டார்.

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?" என்று கேட்டார் நீதிபதி.

"அவங்க பாக்காததப் பாத்தேன்னு சொன்னாங்க. அந்தப் பொய்யப் புடிச்சுக்கிட்டு நான் என் பொய்யில நின்னுட்டேன். இப்ப புடிச்சுக்க ஒண்ணும் இல்லைங்க."

வாசற்படியில் அம்மா நின்றுவிட்டிருந்தாள். கதவைப் பிடித்த கை கதவிலேயே இருந்தது.

விசாரணை ஒத்திவைக்கப்பட்டு எல்லோரும் வெளியே வந்தபின், தாழ்வார பெஞ்சில் அவளும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மாதத்தில் முதல்தடவையாக அம்மா அழுது முடித்திருந்தாள். முகம் கழுவினாற்போல இருந்தது.

"ஏன்டி, அவனுக்குக் கயிறு வேணாம்னு நான் எழுதிக் குடுத்தா எடுத்துக்குவாங்களா?"

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொய் சொல்றவன் தொங்குறதப் பாத்துட்டு நான் சாப்பிட்டிருப்பேன்," என்றாள் அம்மா. "உண்மையச் சொல்லிட்டானே, பாவி. இனி எப்பிடிப் பாக்கிறது? போ, நம்ம வக்கீலக் கேட்டுட்டு வா."

அவள் எழுந்து வக்கீலைத் தேடிப் போனாள்.