கத்தி நின்ற இடம்

நாலு மணிக்கு அடக்கம். பத்தரை மணிக்குச் சமையலறை மேசையில் மகள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே, போதகரான அப்பா வேதாகமத்தைப் புரட்டிப் புரட்டி வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் அம்மா பெட்டிக்குள் இருந்தாள்.

முப்பத்தொரு வருடமாக அந்த வீட்டில் பிரசங்கத்துக்குப் பகுதி தேடுவது இப்படித்தான். சனிக்கிழமை காலையில் அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார், அம்மா காய் நறுக்குவாள். எந்த இடத்தில் கத்தி தானாக நிற்கிறதோ அதுதான் மறுநாள் பிரசங்கம். சபையார் அதை ஆவியானவரின் நடத்துதல் என்று மெச்சிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பொருத்தமான வசனத்தோடு போய் நிற்பவருக்கு இன்று எதுவும் அகப்படவில்லை. பக்கத்துச் சபை போதகர் தான் பேசுவதாகச் சொல்லிப் பார்த்தார். அவளை நானேதான் வழியனுப்புவேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார்.

மேய்ப்பனைப் பற்றிய சங்கீதம் வந்தபோது மகளுக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே கத்தியை நிறுத்தினாள். அப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சும்மாதானே நிறுத்துன?"

அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

"உங்கம்மாவும் வேலை கெடந்தா இப்படித்தான் நிறுத்துவா. எனக்குத் தெரியும். அந்த வாரமெல்லாம் பிரசங்கம் சப்புன்னு இருக்கும்."

மறுபடியும் புரட்டினார். மாற்கு, முதல் அதிகாரம். பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தது, ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கியது, காய்ச்சல் விட்ட கையோடு அவள் எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தி நின்றதை அவள் கவனிக்கவே இல்லை.

அம்மாவுக்கு அந்தப் பகுதியைக் கண்டாலே ஆகாது. காய்ச்சல்காரியை ஒரு பொழுதாவது படுக்க விடக் கூடாதா, அந்த வீட்டில் வேறு யாருக்கும் கை இல்லையா என்று ஒவ்வொரு முறையும் சண்டைக்கு வருவாள். அதனால் அப்பா அதைப் பிரசங்கித்ததே இல்லை.

"நான் போனப்புறம் வேணா பேசிக்கங்கன்னு உங்கம்மா சொல்லியிருக்கா," என்றார் அப்பா. விரல் அந்த வரியிலேயே இருந்தது.

நாலு மணிக்கு அதையே வாசித்தார். சாவு வீட்டுக்கு இது என்ன வசனம் என்று சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ எத்தனையோ காய்ச்சலோட எழுந்து நமக்குப் பரிமாறியிருக்கா. நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்ல. இன்னைக்கு ஆண்டவர் கையப் பிடிச்சிருக்கார். இனி அவ எழுந்து ஒரு வேலையும் செய்ய வேண்டாம். நன்றி ஆண்டவரே," என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். அவ்வளவுதான் பிரசங்கம்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் மகள் நேரே சமையலறைக்குப் போனாள். அப்பா முந்திக்கொண்டார். வெள்ளை அங்கியின் கைகளை முழங்கை வரை சுருட்டிவிட்டு, சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நீ உக்காரும்மா."

கரண்டி பழகாத கை. மேசைவிரிப்பில் அங்கங்கே சிந்தியது. சாப்பிட உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் நின்று, இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று கேட்டுக்கொண்டே போனார்.